உதடு தெரியும் தூரம்

தறிக்கூடத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே நுழைந்ததும், கூரையில் தொங்கிய விளக்குகள் அத்தனையும் ஒரு முறை அணைந்து எரிந்தன. போன தடவை வந்தபோதும் இப்படித்தான். 'இந்தக் கட்டடத்துக்கு என்றைக்குத்தான் ஒழுங்கான கரண்ட் வருமோ' என்று நினைத்தபடி, அவள் தன் முகக்கவசத்தை மூக்கின் மேல் அழுத்திவிட்டுக்கொண்டாள்.

அவள் அந்த ஊரின் சுகாதார ஆய்வாளர். இளவயதுதான்; குரல் மட்டும் கிழடு தட்டியிருந்தது. கொள்ளைநோய் ஊருக்குள் கால் வைத்த நாளிலிருந்து தெருத்தெருவாக நின்று "மூக்கை மூடுங்க, மூக்கை மூடுங்க" என்று கத்தியதன் பலன். ஊர் அவளுக்கு 'மூக்கு மேடம்' என்று பெயர் வைத்துவிட்டது. அவளுடைய வண்டி தெருமுனையில் திரும்பினாலே போதும், தாடையில் சோம்பிக் கிடந்த முகக்கவசங்கள் தாமாக மேலே ஏறும்.

கேலி செய்கிறவர்கள் செய்யட்டும், அவள் போட்ட கட்டுப்பாடுகள் வேலை செய்தன. தோளோடு தோள் உரசும் காய்கறிச் சந்தையைத் திறந்த மைதானத்துக்கு மாற்றினாள். சந்தையைச் சுற்றியிருந்த தெருக்களில் காய்ச்சல் அடங்கியது. பேருந்தில் ஜன்னல்களைத் திறந்தே வைக்கச் சொல்லி, ஆட்களைப் பாதியாகக் குறைத்தாள். நடத்துநர்கள் நோயில் விழுவது நின்றது. கடைசியாக, ஆஸ்பத்திரிக்குள் நோயாளியைப் பார்க்க யாரும் போகக் கூடாது என்று ஓர் உத்தரவு. அதுதான் அவளுக்கு நிறைய சாபம் சம்பாதித்துக் கொடுத்தது. 

முடிதிருத்துபவர் ஒருவர் மனைவியைப் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி வாசலில் அவளிடம் கைகூப்பி நின்றார். "ஒரே ஒரு நிமிஷம்மா. தள்ளி நின்னு பாத்துட்டு ஓடி வந்துடறேன்" என்றார். அவள் விடவில்லை. அப்படித் தள்ளி நின்று பார்த்துவிட்டு வந்த ஓர் ஆளால் ஒரு தெருவே படுக்கையில் கிடந்த சமயம் அது.

"உங்க வீட்டு ஆளு உள்ள கிடந்தா அப்பத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். அந்த வார்த்தை அவளுக்குத் தைத்தது. ஆனாலும் உத்தரவைத் தளர்த்தவில்லை.

இப்படி ஒவ்வொரு பக்கமாக நோய் வாலைச் சுருட்டிக்கொண்டு வர, இந்தத் தறிக்கூடம் மட்டும் பிடிவாதம் பிடித்தது. இங்கிருந்து ஆள் மாற்றி ஆள் விழுந்துகொண்டே இருந்தார்கள். காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி நெய்கிற இடம் என்பதால் ஊரடங்கிலும் இதற்கு விதிவிலக்கு. மூடினால் ஆஸ்பத்திரிகள் திண்டாடும். மூடாவிட்டால் ஆஸ்பத்திரி நிரம்பும். "நல்லா பாத்துட்டு நீயே ஒரு முடிவு சொல்லும்மா" என்று மேலதிகாரி பாரத்தை அவள் தலையில் இறக்கி வைத்துவிட்டார். போதாக்குறைக்கு அவளுடைய அம்மாவும் இங்கேதான் தறி ஓட்டுகிறாள். மூடினால் 'அம்மா வயித்திலேயே அடிச்சுட்டா' என்பார்கள். மூடாவிட்டால் 'அம்மாவுக்காக விட்டுட்டா' என்பார்கள். நாக்குக்கு எலும்பா இருக்கிறது?

அவள் வரிசை வரிசையாக நடந்து பார்த்தாள். காதைப் பிளக்கும் சத்தம். ஒவ்வொரு தறியிலும் குறுக்கு இழையைக் கொண்டுபோகும் நாடாக்கட்டை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாய்ந்து பாய்ந்து மோதியது. காது பக்கத்தில் வந்து அலறினாலும் கேட்காது. காற்று வறண்டால் இழை அறுந்துவிடும் என்று ஜன்னல்களை இறுக மூடி வைத்திருந்தார்கள். புழுக்கத்தில் பஞ்சுத் தூசி மிதந்தது. பெண்கள் தலையைக் குனிந்து அவரவர் தறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் முகத்திலும் முகக்கவசம், மூக்குத்தண்டு வரைக்கும். மூன்றாம் வரிசையில் அம்மா. அவளுக்கு எதிர்த் தறியில், அம்மாவோடு பல வருஷமாக வேலை பார்க்கும் சிநேகிதி. கூடத்தில் அவளுக்குப் பெயர் கிளி. வளைந்த மூக்குக்காக ஒரு பாதி, ஓயாத வாய்க்காக மறு பாதி. அந்தக் கிளியே இப்போது கண்ணை மட்டும் காட்டிக்கொண்டு சாமியார் மாதிரி நின்றாள்.

வெளியே முற்றத்துக்கு வந்ததும் மேஸ்திரி பிடித்துக்கொண்டார்.

"நீங்களே பாத்தீங்க மேடம். ஒருத்தி மூக்கு வெளிய தெரிஞ்சுதா?"

"தெரியல."

"தறிக்கும் தறிக்கும் நடுவுல எவ்வளவு எடம் இருக்கு! வாசல்லயே காய்ச்சல் பாக்கறோம். கை கழுவ சோப்பு வச்சிருக்கோம். சாப்பாட்டைக்கூட ஒருத்தருக்கு ஒருத்தர் முதுகைக் காட்டிக்கிட்டுதான் சாப்பிடறாங்க. இனி தறிக்கும் ஒரு மாஸ்க் தச்சு மாட்டணும், அது ஒண்ணுதான் பாக்கி."

"அப்புறம் ஏன் இங்க மட்டும் ஆள் விழுந்துட்டே இருக்காங்க?"

"வீட்ல வாங்கிட்டு வர்றாங்க மேடம். இங்க என்ன, வாயைத் திறக்கவா நேரம் இருக்கு?"

 எங்கோ ஓர் ஓட்டை இருக்கிறது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

*

அன்று சாயங்காலம் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மகள் ஜன்னலோரமாக ஒரு நாற்காலியில். வீட்டிலும் அவர்கள் இருவரும் முகக்கவசத்தோடுதான் இருந்தார்கள். ஊரெல்லாம் சுற்றிவிட்டு வருகிறவள் என்பதால் அவள் போட்ட சட்டம்.

ஒரே ஒரு சிக்கல். தறிச் சத்தம் அம்மாவின் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்திருந்தது. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வாள். அதனால் அம்மாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், மகள் திறந்த ஜன்னலோரம் போய் நின்று முகக்கவசத்தை இறக்கிவிட்டுச் சொல்வாள். அம்மாவுக்கு உதடு தெரிந்தால் போதும். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று முணுமுணுத்தாலும், "என்னடி முணுமுணுப்பு?" என்று கேட்டுவிடுவாள். சின்ன வயதில் அம்மா முன்னால் ஒரு பொய் தப்பியதில்லை.

அம்மா முகக்கவசத்தைக் கீழே இழுத்தாள். "கிளி உனக்கு என்ன பேரு வச்சிருக்கா தெரியுமா?" என்று சொல்லி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தன் மூக்கைப் பிடித்துக் காட்டினாள். "இவ்வளவுதான் உன் பேரு. இப்படிக் காட்டினா கூடம் பூரா புரிஞ்சுக்கும்."

சொல்லி முடித்ததும் முகக்கவசத்தை மேலே ஏற்றிக்கொண்டாள்.

மகள் ஜன்னலை ஒட்டி நகர்ந்து, கவசத்தை இறக்கி, "அந்தச் சித்திக்கு வேற வேலையே இல்ல. தன் மூக்கை மறந்துட்டாங்களா?" என்றாள்.

அம்மா மறுபடி கீழே இழுத்தாள். "அதையும்தான் சொன்னேன். ஆள்காட்டி விரலை மூக்குமேல அலகு மாதிரி வளைச்சுக் காட்டினேன். அது அவ பேரு. ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல இழை அறுந்ததுகூடத் தெரியல." முகக்கவசம் மேலே ஏறியது.

"தறி ஓடும்போதா?"

"பின்ன, நின்னப்பவா?"

"அந்தச் சத்தத்துல சித்தி சொன்னது உனக்கு எப்படிம்மா கேட்டுச்சு?"

"கேக்கறதா? யாருக்குடி அங்க கேக்குது! காது நல்லா இருக்கறவளுக்கும் கேக்காது. வாயைப் பாத்துக்கறதுதான். வேலைக்குச் சேர்ந்த புதுசுலயே கத்துக்கணும். கத்துக்கலைன்னா நாடா தெறிச்சு வர்றப்போ 'குனிடி'ன்னு ஒருத்தி சொல்றதுகூடப் புரியாது." மேலே ஏறியது.

கவசத்தை ஏற்றப் போன மகளின் கை அப்படியே நின்றது. அம்மாவுக்குக் காது போனதால் உதட்டைப் படிக்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். காது போவதற்கு வெகு காலம் முன்பே அம்மா படிக்கக் கற்றவள், அவள் மட்டுமல்ல, கூடம் மொத்தமுமே உதட்டைப் படிக்கிறது என்பது மூளைக்கு எட்டவே இல்லை.

"அம்மா, இப்ப எதுக்கு மாஸ்க்கை இறக்கின?"

"பேசறதுக்கு." அம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"எனக்குத்தான் காது கேக்குதே. மாஸ்க் போட்டுக்கிட்டே சொல்லியிருக்கலாமே."

அம்மா கையிலிருந்த துணியை மடியில் வைத்தாள். "அட, ஆமால்ல! என்னமோடி, வாயைக் காட்டாம பேசினா பேசின மாதிரியே இல்ல."

"அங்கயும் இப்படித்தானா?"

"எங்க?"

"தறிக்கூடத்துல."

அம்மா முகக்கவசத்தை மெதுவாக மேலே ஏற்றிக்கொண்டு துணியை மடிக்க ஆரம்பித்தாள். அதுவே பதிலாக இருந்தது.

*

மறுநாள் அவள் முன்வாசல் பக்கம் போகவில்லை. நூல் மூட்டை இறக்குகிற பின்கதவு வழியாக உள்ளே நுழைந்து, மூட்டைகளுக்கு நடுவில் நின்று பார்த்தாள்.

நேற்றுப் பார்த்த கூடமா இது? ஒவ்வொரு முகக்கவசமும் தாடைக்குக் கீழே தொங்கியது. கூடம் முழுக்க வாய்கள் அசைந்துகொண்டிருந்தன. சத்தத்தில் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. ஆனால் அங்கே ஒரு சந்தையே நடந்துகொண்டிருந்தது. கைவீச்சையும் முகபாவத்தையும் பார்த்தே அவளால் ஊகிக்க முடிந்தது: ஒருத்தி தன் மருமகளைத் திட்டினாள். ஒருத்தி யாருக்கோ பிறந்த குழந்தை யார் ஜாடை என்று விளக்கினாள். மங்கலான வெளிச்சத்தில் உதடு சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தறிகளின் மேல் எக்கி, முகத்துக்கு முகம் கொடுத்துப் பேசினார்கள். பேசி முடித்தவள் முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டாள், பொறுப்பாக. வாய் மூடியிருக்கும்போது கவசம் மேலே. வாய் திறந்தால் கவசம் கீழே.

இரண்டு தறிகளுக்கு நடுவே தலையை நீட்டி, அம்மாவும் கிளியும் மூச்சு முகத்தில் படும் நெருக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கிளி முழங்கையில் ஒரு முறை இருமிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

அப்போதுதான் கிளி தற்செயலாகத் திரும்பினாள். கண்கள் விரிந்தன. உடனே தன் மூக்கைப் பிடித்துக் காட்டினாள். பக்கத்தில் இருந்தவள் பிடித்தாள். அடுத்தவள் பிடித்தாள். வரிசை வரிசையாக மூக்குகள் பிடிபட, கவசங்கள் ஏறின. முன்வாசலில் விளக்கு சுவிட்சின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த மேஸ்திரி பதறி எழுந்து, விளக்கை ஒரு முறை அணைத்துப் போட்டார்.

கரண்ட் கோளாறு என்று நினைத்தது எதுவென்று அவளுக்கு இப்போது புரிந்தது. காது கேட்காத கூடத்துக்கு அதிகாரி வருகிறார் என்று வேறு எப்படித்தான் சொல்வார்கள்?

"எல்லாத் தறியையும் நிறுத்துங்க" என்று கையால் காட்டினாள். தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. திடீரென்று வந்த அமைதியில் எல்லாருடைய மூச்சும் கேட்டது.

"யாரும் பயப்பட வேண்டாம். திட்ட வரல" என்றாள். "ஆனா இப்படிப் பேசறதுலதான் நோய் பரவுது. இங்க யாரும் மாஸ்க் போடாம இல்ல. போட வேண்டிய நேரத்துல கழட்டறீங்க."

கிளிதான் முதலில் கவசத்தை இறக்கி வாயைத் திறந்தாள். தறிக்காரிகளுக்கே உரிய உரத்த குரல். "ஏண்டி மகளே, வாயைக் கட்டிட்டு எப்படிடி பேசறது?"

"தறிகிட்ட பேசாதீங்க சித்தி. கொஞ்ச நாளைக்கு."

"நாள் பூரா இந்தச் சத்தத்துல பேசாம நின்னு பாரு. உங்கம்மா மூஞ்சியைப் பாத்து நாலு வார்த்தை பேசலைன்னா எனக்குக் கிறுக்குப் பிடிச்சுடும். புருஷன் போனப்பகூட நான் அழுதது இவகிட்ட, இதோ இந்தத் தறி ஓடிட்டிருக்கும்போதுதான். இவளைத் தவிர ஒருத்தருக்கும் கேக்கல."

யாரும் சிரிக்கவில்லை. அம்மா கிளியின் உதட்டிலிருந்து மகளின் முகத்துக்கும், மகளின் முகத்திலிருந்து கிளியின் உதட்டுக்கும் மாறி மாறிப் பார்த்தாள். முகக்கவசம் மூடிய மகளின் முகத்தில் படிக்க ஒன்றும் இல்லை.

அவள் முடிவைச் சொன்னாள். எல்லாருக்கும் பரிசோதனை, அது முடிந்து, நோய் உள்ளவர்கள் தனித்திருக்கும் நாட்கள் கழியும் வரை கூடம் மூடல். பிறகு திறக்கும்போது ஒரு தறி விட்டு ஒரு தறி ஓடும். ஜன்னல்கள் திறந்திருக்கும், இழைக்கு ஈரம் வேண்டுமானால் தரையில் தண்ணீர் தெளித்துக்கொள்ளட்டும். அவ்வப்போது தறிகளை நிறுத்திவிட்டு எல்லாரும் முற்றத்துக்குப் போய், தள்ளித் தள்ளி நின்று, கவசத்தோடு பேசித் தீர்க்கட்டும். தறியருகில் கைஜாடை மட்டும்.

"தறியை நிறுத்தி நிறுத்திப் பேச விடறதா?" மேஸ்திரிக்கு மூச்சே நின்றுவிட்டது. "முதலாளிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"விளக்கை ஒரு தடவை அணைச்சுப் போடுங்க. புரிஞ்சுக்குவார்" என்றாள் அவள்.

*

பரிசோதனையில் நோய் இருப்பதாகத் தெரிந்தவர்களில் கிளி முதலாவது. அம்மாவும் உண்டு. மகளுக்கு இல்லை.

மற்றவர்கள் வீட்டிலேயே படுத்து எழுந்துவிட்டார்கள். இவர்கள் இருவருக்கும் பஞ்சுத் தூசி தின்ற நுரையீரல். மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. ஆம்புலன்ஸ் கதவு மூடும் வரை அம்மா மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு உள்ளே போக மகளுக்கும் அனுமதி இல்லை. அனுமதி இல்லை என்று சொன்ன உத்தரவில் கையெழுத்து அவளுடையது.

மூடியிருந்த நாட்கள் கழிந்து தறிக்கூடம் திறந்தது. புதிய ஏற்பாட்டில் அங்கிருந்து ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. முற்றத்தில் பெண்கள் தள்ளித் தள்ளி நின்று, அரைகுறைக் காதுகளோடு கத்திக் கத்திப் பேசுவதில், பக்கத்துத் தெருக்காரர்களுக்கு எல்லார் வீட்டு ரகசியமும் தெரிந்துபோயிற்று என்று மேஸ்திரி அலுத்துக்கொண்டார். அவள் சிரிக்க முயன்றாள். முடியவில்லை. அன்று காலையில்தான் கிளி இறந்திருந்தாள்.

மத்தியானம் செவிலியரிடமிருந்து போன் வந்தது.

"மேடம், உங்கம்மா ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழட்டிக் கழட்டி எறியறாங்க. மாட்டிவிட்டா ரெண்டு மூச்சு விடறாங்க, உடனே இழுத்துட்டு ஏதோ கேக்கறாங்க. அதுக்குள்ள ஆக்சிஜன் மளமளன்னு இறங்கிடுது."

"என்ன கேக்கறாங்க?"

"கிளி எங்கன்னு கேக்கறாங்க. வீட்ல கிளி வளர்க்கறீங்களா?"

 ஆஸ்பத்திரியில் கிளிக்கு வேறு பெயர்; யாருக்குத் தெரியும்? "அவங்க சிநேகிதி சிஸ்டர். பக்கத்து வார்டுல இருந்தாங்க. இன்னைக்குக் காலையில..."

"ஐயோ, அவங்களா?" அந்தப் பக்கத்தில் குரல் தாழ்ந்தது. "நாங்க என்ன சொன்னாலும் உங்கம்மாவுக்குப் புரியல மேடம். எங்க எல்லாருக்கும் மூஞ்சி பூரா மூடியிருக்கு. எழுதிக் காட்டினோம். தலையைத் தலையை ஆட்டறாங்க."

"அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது."

"இப்படியே போனா தாங்காது. கையைக் கட்டிலோட கட்டச் சொல்லிட்டார் டாக்டர். எனக்கு மனசு வரல. அதான்... நீங்க வாங்களேன். பாதுகாப்பு உடை தரேன், பின்பக்கமா கூட்டிட்டுப் போறேன். நீங்க அதிகாரி, உங்களை யாரு கேக்கப் போறாங்க?"

அவள் வண்டியை எடுத்துவிட்டாள். வழியெல்லாம், போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டால் போதும் என்றுதான் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது முடிதிருத்துபவர் கைகூப்பி நின்ற இடம் கண்ணில் பட்டது. அவரும் இதைத்தான் கேட்டார். தள்ளி நின்று ஒரு நிமிஷம்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அப்போதுதான் உறைத்தது. உடை போட்டுக்கொண்டு உள்ளே போனாலும், மூடிய முகத்தோடு வந்து நிற்கும் இன்னோர் ஆளாகத்தான் அம்மாவுக்கு அவள் தெரிவாள். அம்மாவுக்குப் புரிய வேண்டுமானால் வார்டுக்குள் நின்று வாயைத் திறந்து காட்ட வேண்டும். தறிக்கூடத்தில் எதை நிறுத்தினாளோ, அதையே செய்ய வேண்டும்.

செவிலியர் பின்கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். கையில் நீலநிற உடை.

"உள்ள வரல சிஸ்டர்" என்றாள் அவள். "அம்மா கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ள முடியுமா?"

*

வார்டு தரைத்தளத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தில் வெறும் மண் முற்றம், காலி சிலிண்டர்கள், ஒரு மரம். வெயில் நன்றாக விழுந்தது. திறக்க முடியாதபடி அடைத்த பெரிய கண்ணாடி ஜன்னல். அதன் அந்தப் பக்கத்துக்குச் செவிலியர் கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

அம்மா பாதியாகச் சுருங்கியிருந்தாள். முகத்தில் ஆவி படிந்த பிளாஸ்டிக் மாஸ்க். கட்டிலோரத் தட்டில் ஒரு சுருள் பேண்டேஜ் துணி; கையைக் கட்டுவதற்கு. அந்தத் துணி எந்தக் கூடத்தில் நெய்ததென்று அவளுக்குக் கேட்காமலே தெரிந்தது.

முற்றத்தில் ஆள் இல்லை என்று சுற்றிப் பார்த்துக்கொண்டு, அவள் தன் முகக்கவசத்தைக் கழற்றினாள். வெட்டவெளியில் வெயில் உதட்டில் பட்டது.

அம்மாவின் கண்கள் அவளைக் கண்டுபிடித்தன. உடனே கை மாஸ்க்குக்குப் போயிற்று.

"கழட்டாதே" என்றாள் அவள், சத்தமே இல்லாமல். ஒவ்வொரு சொல்லையும் உதட்டால் செதுக்கினாள். "அம்மா, கழட்டாதே. நீ பேச வேண்டாம். நான் பேசறேன், நீ பாரு. கேக்கணும்னா கையால கேளு."

கை நின்றது. வெகுநாள் கழித்து ஒரு மனுஷ வாயைப் பார்த்த நிம்மதி அம்மாவின் நெற்றியில் தெரிந்தது.

"மாஸ்க்கை எடுத்தா மூச்சு போயிடும்மா. அதுக்காகத்தான் அவங்க மாட்டறாங்க. உன் வாயை அடைக்க இல்ல. புரியுதா?"

அம்மா தலையை அசைத்தாள். 

"தறிக்கூடம் திறந்தாச்சு. ஜன்னல் எல்லாம் திறந்திருக்கு. அப்புறம் ஒருத்தருக்கும் வரல. உங்களோட நின்னுடுச்சும்மா."

அம்மா அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. ஆள்காட்டி விரலை மூக்கின் மேல் கொண்டுவந்து, மாஸ்க்கின் மேலேயே அலகு மாதிரி வளைத்துக் காட்டினாள். பிறகு உள்ளங்கையை விரித்தாள். எங்கே?

செவிலியர் அம்மாவின் தலைக்குப் பின்னால் நின்றபடி, வேண்டாம், சொல்லாதீர்கள் என்று கையை ஆட்டினார்.

'நல்லா இருக்காங்க' என்று சொல்லிவிடலாம். சின்னச் சொல். அவள் உதட்டைக் குவித்தாள். அம்மாவின் பார்வை அந்த உதட்டின் மேல் ஊசி மாதிரி நின்றது. வாழ்நாள் முழுக்கச் சத்தமில்லாத சொற்களைப் படித்த கண்கள். குரலில் ஒளிக்கலாம். இந்தக் கண்ணாடிக்கு முன்னால் ஒளிக்க எதுவும் இல்லை. பொய் என்று கண்டுகொண்டால், மாஸ்க்கைப் பற்றி இப்போது சொன்னதையும் அம்மா நம்பமாட்டாள்.

"கிளிச் சித்தி போயிட்டாங்கம்மா" என்றாள். "இன்னைக்குக் காலையில. தூக்கத்துல."

அம்மா அசையவில்லை. ஒருவேளை புரியவில்லையோ என்று அவள் மறுபடி வாயெடுத்தபோது, அம்மாவின் கை உயர்ந்தது. விரல்கள் மாஸ்க்கின் விளிம்பைப் பிடித்தன. பிளாஸ்டிக்குக்குள் வாய் திறந்தது. எத்தனையோ வருஷம் முகத்துக்கு முகம் பேசியவளின் பேரைச் சொல்லி அழ வேண்டும். அழுவதென்றால் வாய் தெரிய வேண்டும். செவிலியர் தலைமாட்டிலிருந்து பாய்ந்து வந்தார். ஒரு கையில் அந்தப் பேண்டேஜ் சுருள்.

"அம்மா" என்றாள் அவள்.  "அம்மா. அம்மா."

விளிம்பைப் பிடித்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. அம்மா உள்ளங்கையை விரித்து, மாஸ்க்கின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள், வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறவளைப் போல. பிளாஸ்டிக்கில் ஆவி படிந்தது, தெளிந்தது, படிந்தது. தோள்கள் குலுங்கின. கை மட்டும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

செவிலியர் கட்டிலின் தலைமாட்டில் இருந்த கருவியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பேண்டேஜ் சுருளைத் தட்டில் திரும்ப வைத்து, தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவளும் அழுதாள். வெளியில் நின்று அழுவதற்குச் சத்தம் தேவைப்படவில்லை. கண்ணாடியின் இரண்டு பக்கமும் ஒரே அழுகை. எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அம்மாதான் முதலில் நிமிர்ந்தாள். ஈரக் கண்கள் மகளின் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தன. மாஸ்க்கை அழுத்தியிருந்த கையை எடுக்காமல், மறு கையை உயர்த்தி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தன் மூக்கைப் பிடிப்பது போலக் காட்டினாள். மகளுக்குக் கிளி வைத்த பெயர்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அம்மா மறுபடி காட்டினாள், கண்டிப்பாக. பிறகு அவளுக்குப் பின்னால் கையை நீட்டினாள்.

அவள் திரும்பினாள். சிலிண்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் முற்றத்துக்குள் வந்துகொண்டிருந்தார்கள்.

அவள் முகக்கவசத்தை எடுத்து, மூக்கின் மேல் வரைக்கும் ஏற்றி மாட்டிக்கொண்டாள். இனி பேச முடியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா தலையணையில் சாய்ந்து, கையை மாஸ்க்கின் மேலேயே வைத்தபடி, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.